வீட்டுக் கடன்: நம் குடும்பம் தாங்குமா?

வங்கி நமக்கு எவ்வளவு கடன் தரும் என்பது ஒரு கேள்வி. நம் குடும்பம் எவ்வளவு கடனைத் தாங்கும் என்பது மற்றொரு கேள்வி. சொந்த வீட்டுக் கனவோடு வங்கியின் படியேறும் குடும்பங்கள் பல, முதற் கேள்விக்கு விடை கிடைத்தவுடனேயே இரண்டாவதற்கும் விடை கிடைத்துவிட்டதாக எண்ணி மகிழ்ந்துவிடுகின்றன. மேலாளர் குறித்துக் கொடுத்த தொகையைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடப் புறப்படுகின்றன. இருபது ஆண்டுகள் சுமக்கவேண்டிய மூட்டையின் எடையை, அதை நம் தலையில் ஏற்றிவிடுபவரே நிறுத்துச் சொல்லட்டும் என்று விட்டுவிடுவது முறையாகுமா?

இதில் வங்கியைக் குறை கூறுவதற்கு ஒன்றுமில்லை. அது சம்பளச் சீட்டைப் பார்க்கிறது. ஏற்கெனவே உள்ள கடன்களை விசாரிக்கிறது. மாத வருவாயில் ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு வரை கடன் தவணைகளுக்குப் போகலாம் என்று வைத்துக்கொண்டு கணக்கிடுகிறது. கடன் கொடுப்போரிடையே இது பொதுவான வழக்கம். ஆனால் ஊரிலுள்ள பெற்றோருக்கு மாதாமாதம் அனுப்பும் பணமும், கடைக்குட்டியின் இளைப்பு நோய்க்கு வாங்கும் மருந்தும், தங்கை வீட்டு விசேஷத்திற்குச் செய்யவேண்டிய சீரும் எந்தச் சம்பளச் சீட்டிலும் அச்சாவதில்லை. அவற்றை அறிந்தவர்கள் அந்த வீட்டின் கணவனும் மனைவியுமே. ஆகவே இந்தக் கணக்கை அவர்கள் இருவரும் சேர்ந்து, தங்கள் வீட்டுச் செலவு நோட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

லட்சத்துக்குத் தொள்ளாயிரம்

தவணையைக் கணக்கிடும் சூத்திரம் சற்றுச் சிக்கலானதுதான். ஆயினும் குடும்பத்தார் மனக்கணக்காகப் போட்டுப் பார்க்க ஓர் எளிய அளவுகோல் போதும். ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்குக் கடன் வாங்கினால், ஒவ்வொரு லட்சத்துக்கும் மாதத் தவணை 900 ரூபாய். பத்து லட்சமென்றால் 9,000. இருபது லட்சமென்றால் 18,000. வட்டி அரை விழுக்காடு கூடினாலும் குறைந்தாலும் லட்சத்துக்கு ஏறத்தாழ 32 ரூபாய் மாறும். அதாவது எட்டரை விழுக்காட்டில் 868 ரூபாய், ஒன்பதரை விழுக்காட்டில் 932 ரூபாய். இதனை நினைவில் வைத்துக்கொண்டால், விளம்பரத்தைப் பார்த்தவுடனே உத்தேசத் தவணையை யாரும் சொல்லிவிடலாம்.

வங்கி இன்று கேட்கும் வட்டி 9 விழுக்காட்டைவிடக் குறைவாக இருக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். இருக்கட்டும். இருபது ஆண்டுகளில் வட்டி ஏறும் காலமும் வரும், இறங்கும் காலமும் வரும். ஒன்பதுக்குக் கணக்குப் போட்டு, எட்டுக்குக் கிடைத்தால் அது நமக்கு ஆதாயம்.

நம் ஊர்ப்பேச்சில் சொல்வதானால், 9 விழுக்காடு என்பது நூற்றுக்கு மாதம் முக்கால் ரூபாய், அதாவது முக்கால் வட்டி. கந்துக்காரரிடம் இரண்டு வட்டிக்கும் மூன்று வட்டிக்கும் வாங்கிப் பழகியவர்களுக்கு இது மிக மலிவாகவே தோன்றும். மலிவுதான். ஆனால் அது ஓடும் காலம் நீண்டது. அங்கேதான் கவனம் வேண்டும்.

பத்து லட்சம் ரூபாய்க் கடனையே எடுத்துக்கொள்வோம். தவணை 8,997 ரூபாய். முதல் மாதத்தில் பத்து லட்சத்துக்கு முக்கால் வட்டி 7,500 ரூபாய். அது போக அசலில் கழிவது 1,497 ரூபாய் மட்டுமே. அடுத்த மாதம் அசல் சிறிது குறைந்திருப்பதால் வட்டியும் சிறிது குறையும். அசலுக்குச் சிறிது கூடுதலாகச் சேரும். இப்படி அங்குலம் அங்குலமாகத்தான் கடன் நகர்கிறது. ஐந்து ஆண்டுகள் ஒரு மாதமும் தவறாமல் 5,39,000 ரூபாய்க்கு மேல் கட்டிய பிறகும் பாக்கி அசல் 8,87,000 ரூபாயாக நிற்கும். பத்து ஆண்டுகள் கழிந்து, காலத்தில் சரிபாதி கடந்தபின்னும், 7,10,000 ரூபாய் மீதமிருக்கும். இருபது ஆண்டுகளில் கட்டி முடிக்கும் மொத்தத் தொகை 21,59,000 ரூபாய். இதனை முன்கூட்டியே அறியாதவர்கள், ஆறாம் ஆண்டில் வங்கி அனுப்பும் கணக்குத் தாளைக் கண்டு, யாரோ தங்களை ஏமாற்றிவிட்டதாக மனம் குமுறுகின்றனர். ஏமாற்று ஏதுமில்லை, குறையும் பாக்கிக்கு வட்டி போடும் முறையின் இயல்பே அது.

உண்மையில் ஏமாறக்கூடிய இடம் வேறொன்று உண்டு. சில தனியார் நிதி நிறுவனங்கள், முதலில் கொடுத்த தொகை முழுவதற்கும் கடைசி மாதம் வரை ஒரே வட்டியைக் கணக்கிட்டு, 'ஒன்பது விழுக்காடுதான்' என்று சொல்வதுண்டு. ஐந்து லட்சம் ரூபாயைப் பத்து ஆண்டுகளுக்கு அவ்வாறு வாங்கினால் வட்டி மட்டும் 4,50,000. தவணை 7,917 ரூபாய். குறையும் பாக்கிக்கு வட்டி போடும் முறையில் இதே தொகைக்குத் தவணை 6,334 ரூபாய்தான். முன்னதன் உண்மையான வட்டி ஏறத்தாழ பதினான்கரை விழுக்காடு! வட்டி எத்தனை விழுக்காடு என்று மட்டும் கேட்டுத் திரும்பாமல், அது குறையும் பாக்கிக்கா, முழுத் தொகைக்கா என்றும் கேட்டறிதல் வேண்டும்.

காலத்தை நீட்டித்தால் தவணை குறையுமே என்பது பலரும் சொல்லும் யோசனை. குறையும், ஆனால் எவ்வளவு குறையும் என்று பாருங்கள். 9 விழுக்காட்டில் லட்சத்துக்கு 10 ஆண்டுகளுக்கு 1,267 ரூபாய், 15 ஆண்டுகளுக்கு 1,014, 20 ஆண்டுகளுக்கு 900, 25 ஆண்டுகளுக்கு 839, 30 ஆண்டுகளுக்கு 805. இருபதிலிருந்து முப்பதுக்குப் போனால் மாதம் மிச்சமாவது 95 ரூபாய். அதற்காகக் கூடுதலாகக் கட்டும் வட்டியோ லட்சத்துக்கு 73,000 ரூபாய்க்கு மேல்! மேலும் நாற்பத்திரண்டு வயதில் இருபது ஆண்டுக் கடன் வாங்குபவர், அறுபதில் ஓய்வு பெற்ற பின்னும் இரண்டு ஆண்டுகள் தவணை கட்ட வேண்டியிருக்கும். பிள்ளைகள் கட்டுவார்கள் என்று அந்த இரண்டு ஆண்டுகளை அவர்கள் தலையில் எழுதிவைப்பதை நியாயமென்று சொல்ல முடியவில்லை.

செலவு நோட்டு சொல்லும் எல்லை

இனி நம் குடும்பங்களுள் ஒன்றைப் போன்ற ஒரு குடும்பத்தை மனத்தில் எண்ணிக்கொள்வோம். கணவர் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். பிடித்தம் போகக் கையில் வருவது 38,000 ரூபாய். மனைவி பள்ளி ஆசிரியை. அவர் கொண்டுவருவது 22,000. இரண்டும் சேர்ந்து 60,000. பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். வாடகை வீடு, மாதம் 9,000 ரூபாய்.

வங்கியின் பார்வையில் இவர்கள் 30,000 ரூபாய் வரை தவணை கட்டலாம். லட்சத்துக்குத் தொள்ளாயிரமென்ற கணக்கில் அது 33 லட்சம் ரூபாய்க் கடன்.

இப்போது வீட்டு நோட்டைத் திறப்போம். அரிசி, மளிகை, பால், காய்கறி, ஞாயிற்றுக்கிழமைக் கறி ஆகியவற்றுக்கு 14,000. மின்சாரம், எரிவாயு, தொலைபேசி, பேருந்து, பெட்ரோல் 6,500. ஆண்டுக்கு இருமுறை கட்டும் பள்ளிக் கட்டணத்தையும் நோட்டுப் புத்தகங்களையும் மாதக் கணக்காகப் பிரித்தால் 8,000. மருத்துவமும் காப்பீடும் 3,000. ஊரிலுள்ள பெற்றோருக்கு 4,000. கோயில் காணிக்கை, மொய், கிறிஸ்துமஸ், பங்குத் திருவிழா, புதுத்துணி ஆகியவற்றை ஆண்டுக்குக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால் 3,500. சீட்டுப் பணம் 4,000. ஆக 43,000 ரூபாய். இதில் வாடகை சேரவில்லை.

அறுபதில் நாற்பத்து மூன்று போக மிச்சம் 17,000. சொந்த வீடு வந்துவிட்டால் வாடகை நிற்கும். ஆனால் வீட்டு வரி, தண்ணீர் வரி, மோட்டார் பழுது, சுண்ணாம்பு என்று புதுச் செலவுகள் வரும். அவற்றுக்கு மாதம் 2,000 ரூபாயாவது ஒதுக்கவேண்டும். எஞ்சும் 15,000 ரூபாய்தான் இந்தக் குடும்பம் தாங்கும் தவணை. அதற்கு ஏற்ற கடன் பதினாறரை லட்சம். வங்கி சொன்னதில் சரிபாதி.

வங்கி சொன்னபடியே 33 லட்சம் வாங்கியிருந்தால் என்னவாகும்? தவணை 29,700 ரூபாய். மாதந்தோறும் ஏறக்குறைய 14,700 ரூபாய் துண்டு விழும். முதலில் சீட்டு நிற்கும். பிறகு பெற்றோருக்கு அனுப்பும் பணம், அடுத்த மாதம் சேர்த்து அனுப்பலாம் என்று தள்ளிப்போகும். அதன்பின் நகை அடகுக்குப் போகும். கணவனும் மனைவியும் ஒருவர் செலவை மற்றவர் எண்ணத் தொடங்குவார்கள். புது வீட்டின் நான்கு சுவர்களுக்குள் நடக்கும் இந்தப் பூசல்களுக்கு வங்கி எந்தக் கணக்கிலும் இடம் ஒதுக்கியிருக்காது.

இன்னொன்றையும் இங்கே கூறவேண்டும். மேற்கண்ட கணக்கு இரண்டு சம்பளங்களை நம்பி நிற்கிறது. பேறுகாலம், நோய், வேலை மாற்றம் ஆகியவற்றால் ஒரு சம்பளம் ஆறு மாதம் நின்றால் என்ன செய்வது என்பதை, கையொப்பமிடுவதற்கு முன்பே இருவரும் பேசி முடிவு செய்திருக்கவேண்டும். குறைந்தது மூன்று மாதச் செலவும் தவணையும் சேர்ந்த தொகை கையிருப்பாக இருக்கட்டும். இக்குடும்பத்திற்கு அது ஏறத்தாழ 1,75,000 ரூபாய். சம்பாதிப்பவர் இறந்துபோனால் கடனை அடைக்கும் அளவுக்கு ஆயுள் காப்பீடு எடுத்துவைத்தலும் இதனோடு சேர்ந்ததே.

கடனிலிருந்து விலைக்கு

கடன் தொகையே வீட்டு விலை அன்று. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சம் வரையுள்ள வீட்டுக் கடன், வீட்டு மதிப்பில் 90 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 விழுக்காடு. அதற்கும் மேற்பட்டால் 75 விழுக்காடு. மீதம் நம் கையிலிருந்து போகவேண்டும். பத்து லட்சத்துக்கு உட்பட்ட சிறு வீடுகளைத் தவிர மற்றவற்றுக்கு, முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் அந்த மதிப்போடு சேர்த்துக் கடன் கேட்க முடியாது.

தமிழ்நாட்டில் மனைக்கும் தனி வீட்டுக்கும் கிரயப் பத்திரம் பதிய, முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, ஆக 9 விழுக்காடு ஆகிறது. 2023 ஏப்ரலுக்கு முன்பு பதிவுக் கட்டணம் 4 விழுக்காடாக இருந்தது. அதைக் குறைத்த அன்றே வழிகாட்டி மதிப்பு உயர்த்தப்பட்டதால் மக்களுக்கு மிச்சமானது அதிகமில்லை. 2025 ஏப்ரல் முதல், பெண்கள் பெயரில் பதியப்படும் 10 லட்சம் வரையிலான சொத்துகளுக்குப் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு சலுகை உண்டு. அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு விகிதம் வேறு. பத்திர அலுவலகத்தில் கேட்டறிக.

நம் குடும்பம் இதுவரை சேமித்தது 9 லட்சம் என்று கொள்வோம். கையிருப்புக்கு 1,75,000 எடுத்துவைத்துவிட்டு, வழக்கறிஞர் கட்டணம், வங்கியின் செயற்பாட்டுக் கட்டணம், மின் இணைப்பு, குடிபோகும் செலவு, வீடு மந்திரிக்கும் நாளில் உறவினருக்கு விருந்து ஆகியவற்றுக்கு 75,000 ஒதுக்கினால், மிஞ்சுவது ஆறரை லட்சம். கடனோடு சேர்த்து 23 லட்சம். இதற்குள் விலையும் அந்த விலையின் 9 விழுக்காடும் அடங்கவேண்டும். ஆக, இவர்கள் வாங்கத்தக்க வீட்டின் விலை 21 லட்சம்.

இருபத்தொரு லட்சத்துக்கு நகரின் நடுவே வீடு கிடைக்குமா என்று கேட்பீர்கள். கிடைக்காது. பேருந்து கடைசியாக நின்று திரும்பும் இடத்தில், இரண்டு அறைகளோடு பழைய வீடு ஒன்று கிடைக்கலாம். அல்லது இன்னும் சில ஆண்டுகள் வாடகையிலேயே இருந்து சேமிப்பைப் பெருக்கவேண்டியிருக்கலாம். கசப்பான விடைதான். ஆயினும் முன்பணத்தில் விழும் குறையைத் தனிநபர் கடன் வாங்கி நிரப்பலாம் என்று தரகர் சொல்லும் யோசனையைவிட இது மேலானது. வீட்டுக் கடனைக் காட்டிலும் அதிக வட்டியும் குறுகிய காலமும் கொண்ட அந்த இரண்டாம் கடன், முதற் கடனின் தவணையையே விழுங்கிவிடும்.

வருமான வரி மிச்சமாகும் என்ற பேச்சையும் அளவோடு கேளுங்கள். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழிவு தரும் சலுகை பழைய வரிமுறைக்கு உரியது. 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானமுள்ளோர்க்கு வரியே இல்லாதபோது, நாம் எண்ணிய குடும்பத்திற்கு மிச்சமாக என்ன இருக்கிறது?

ஓராண்டு ஒத்திகை

தாங்குமா, தாங்காதா என்று தாளில் போட்ட கணக்கை வாழ்க்கையில் சோதித்துப் பார்க்க நல்ல வழி ஒன்று உண்டு. கடன் வாங்குவதற்கு ஓராண்டு முன்பே தவணை கட்டத் தொடங்குங்கள்! நம் குடும்பத்தின் வாடகை 9,000. வரப்போகும் தவணை 15,000. இடையிலுள்ள 6,000 ரூபாயைச் சம்பளம் வந்த மறுநாளே அஞ்சலகத்திலோ வங்கியிலோ தொடர் வைப்பில் போட்டு வரட்டும். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தையும், திருவிழா மாதத்தையும், யாரேனும் காய்ச்சலில் படுக்கும் மாதத்தையும் தாண்டிப் பன்னிரண்டு மாதமும் தடையின்றிக் கட்ட முடிந்தால், அந்தத் தவணை இவர்களுக்கு ஏற்றதே. சேர்ந்த 72,000 ரூபாயும் வட்டியும் முன்பணத்தோடு சேரும். ஐந்தாம் மாதத்திலேயே தடுமாறினால், வீடும் போகவில்லை, மானமும் போகவில்லை. கடன் தொகையைக் குறைத்துக்கொண்டால் போதும்.

கட்டி முடியாத வீட்டை வாங்குவோர்க்கு இந்த ஒத்திகை இன்னும் அவசியம். வேலை நடக்க நடக்க வங்கி பகுதி பகுதியாகப் பணம் கொடுக்கும்; கொடுத்த தொகைக்கு வட்டி அன்றிலிருந்தே ஓடும். வீடு கையில் வரும்வரை வாடகையும் வட்டியும் ஒரே சம்பளத்திலிருந்து போகவேண்டும்.

ஏறும் வட்டி

2019 அக்டோபர் முதல் வங்கிகள் வழங்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள், ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி போன்ற வெளி அளவுகோல் ஒன்றோடு பிணைக்கப்பட்டுள்ளன. 2020 மே முதல் 4 விழுக்காடாக இருந்த ரெப்போ வட்டி, 2022 மே மாதத்தில் ஏறத் தொடங்கி 2023 பிப்ரவரியில் ஆறரையைத் தொட்டது. 2025-இல்தான் இறங்கத் தொடங்கியது.

அந்த ஒன்பது மாத ஏற்றம் குடும்பங்களை எவ்வாறு தாக்கியது என்பதைச் சொல்லியாகவேண்டும். 7 விழுக்காட்டில் இருபது ஆண்டுகளுக்குப் பத்து லட்சம் வாங்கியவரின் தவணை 7,753 ரூபாய். வட்டி ஒன்பதரையாக ஏறியபோது, பாக்கி இன்னும் பத்து லட்சத்தை ஒட்டியே நின்றவருக்கு ஒரு மாத வட்டி மட்டும் 7,917 ரூபாய்! தவணை முழுவதையும் கட்டினாலும் வட்டிக்கே போதவில்லை. அசல் குறைவதற்குப் பதில் வளரும் நிலை. பல இடங்களில் தவணையை அப்படியே வைத்துவிட்டு ஆண்டுகளை மட்டும் நீட்டியதால், கடன் கட்டுவோர் பலருக்கு நடந்தது என்னவென்றே தெரியவில்லை. இதன்மேல் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி புது விதிகளை வகுத்தது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் சேர்த்துச் செய்வதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கடன் பெற்றவருக்கு உண்டு. நீட்டிய காலத்தின் தவணை மாத வட்டிக்கேனும் போதுமானதாக இருக்கவேண்டும். வங்கியிலிருந்து இது குறித்துக் கடிதமோ குறுஞ்செய்தியோ வந்தால், படிக்காமல் ஒதுக்கிவிடாதீர்கள். இயன்றவரை தவணையைக் கூட்டிக்கொள்வதே நல்லது.

தவணை தவறினால் என்ன நேரும் என்பதையும் அறிந்திருத்தல் நலம். 90 நாட்களுக்கு மேல் பாக்கி நின்றால் கடன் வாராக் கடனாக எழுதப்படும். 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி வங்கி 60 நாள் அறிவிப்புக் கொடுத்து, அதற்குள் பாக்கி தீர்க்கப்படாவிட்டால், வழக்குத் தொடுத்துத் தீர்ப்புப் பெறாமலேயே ஈடு வைத்த வீட்டைக் கைக்கொண்டு ஏலம் விடலாம். முதல் தவணை தவறப்போகிறது என்று தெரிந்தவுடனே வங்கிக்குச் சென்று நிலையைச் சொல்பவருக்கு வழிகள் உண்டு. மூன்று மாதம் ஒளிந்து திரிந்தபின் போகிறவருக்கு அவை குறைவு.

முன்னதாகக் கட்டுதல்

மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்னதாகக் கட்டினால் அதற்கு அபராதம் விதிக்க இயலாது. ஆண்டுதோறும் பண்டிகை ஊக்கத்தொகையிலிருந்தோ சீட்டு எடுத்த பணத்திலிருந்தோ ஒரே ஒரு தவணைத் தொகையைக் கூடுதலாக அசலுக்குக் கட்டிவந்தால், 9 விழுக்காட்டில் வாங்கிய இருபது ஆண்டுக் கடன் ஏறத்தாழ பதினாறரை ஆண்டுகளில் முடிந்துவிடும். கட்டும்போது, இத்தொகை அசலில் கழியட்டும், தவணை மாறாமல் காலம் குறையட்டும் என்று எழுதிக் கொடுத்து, அதன் நகலில் வங்கியின் முத்திரையைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

கடைசித் தவணையைக் கட்டியபின், தாய்ப் பத்திரம் முதலாக ஒப்படைத்த அசல் ஆவணங்கள் அனைத்தையும் 30 நாட்களுக்குள் வங்கி திருப்பித் தரவேண்டும். 2023 டிசம்பர் முதல் நடைமுறையிலுள்ள விதிப்படி, வங்கியின் குறையால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தரவேண்டும். கடன் வாங்கியபோது ஆவண ஒப்படைப்பைப் பதிவு செய்திருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீதையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டு, புதிதாக ஒரு வில்லங்கச் சான்று எடுத்து, அந்தப் பதிவு அதில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.